அடங்காத குதிரை யாருடைய குற்றம்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் பெற்றார் கூட்டத்துக்கு வந்த ஒரு வாப்பா, மகனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே சொன்னார்: "சேர், இவன் அடங்காத குதிர. ரெண்டு போட்டாலும் பரவாயில்ல, ஆளாக்கித் தாங்க." கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கும் நல்ல மனிதர். மகன் தரம் 8. தலையைக் குனிந்தபடி நின்றான்.

நான் வரலாறு படிப்பிக்கிறவன். வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தச் சொல்லே மனதில் ஓடியது. பஸ் காலி முகத்திடலைத் தாண்டியபோது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இன்று பிள்ளைகள் பட்டம் விடும் அந்தத் திடலில் 19ஆம் நூற்றாண்டில் குதிரைப் பந்தயம் நடந்தது. 1893இல்தான் பந்தயம் கறுவாத்தோட்டத்துக்கு மாறியது. அந்த இடத்துக்கு இன்றைக்கும் பெயர் ரேஸ் கோர்ஸ்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கும் 600 வருடம் முந்திய கதை. அதில் நமக்குப் பெருமையும் உண்டு, வெட்கமும் உண்டு.

13ஆம் நூற்றாண்டின் கடைசி. மதுரையில் பாண்டியர் ஆட்சி. படைக்குக் குதிரை வேண்டும். ஆனால் தென்னிந்தியாவின் சூடும் ஈரமும் புல்லும் நல்ல குதிரை வளர்ப்புக்கு ஒத்துவரவில்லை. ஆகவே பாரசீக வளைகுடாவிலிருந்தும் அரபுக் கரையிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்தார்கள். தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்கு அருகே இருந்த காயல் துறைமுகம் இந்த வியாபாரத்தால் செழித்தது. நம்முடைய பல குடும்பங்கள் உறவு சொல்லும் காயல்பட்டினம் இருப்பதும் அந்தக் கரையில்தான்.

இந்த வியாபாரத்தின் பெரிய புள்ளி, கீஷ் தீவை ஆண்ட ஜமாலுத்தீன் இப்ராஹீம். அவருடைய சகோதரர் தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய அரசில் அமைச்சராகவே இருந்தார். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் கணக்கும் தருகிறார்: வருடத்துக்கு 10,000 குதிரைகள், ஒன்றின் விலை 220 பொன் தீனார். கடலில் வரும் வழியில் செத்த குதிரைக்கும் பணம் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்!

மேடைகளில் நம் ஆட்கள் இதுவரை பெருமையாகச் சொல்வார்கள். இதற்குப் பிறகு வருவதை யாரும் சொல்வதில்லை.

ஏன் வருடா வருடம் இத்தனை குதிரை தேவைப்பட்டது? வாங்கியவை செத்துக்கொண்டே இருந்தன, அதனால்தான். 1290களில் அந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ சொல்கிறார்: மன்னர் ஆண்டுக்கு 2,000க்கும் மேல் வாங்குகிறார், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை, பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை. குதிரைக்குச் சோற்றோடு இறைச்சி கலந்து கொடுத்தார்களாம்.

வஸ்ஸாப் எழுதியிருப்பது இன்னும் கவனிக்க வேண்டியது. வந்த குதிரையை முளையடித்து 40 நாள் லாயத்தில் கட்டிப்போட்டுக் கொழுக்க வைப்பார்கள். பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல், அங்கவடியும் இல்லாமல், ஏறி வெறிகொண்டு ஓட்டுவார்கள். வரும்போது காற்றாய்ப் பறந்த குதிரை, கொஞ்ச நாளில் சோம்பலும் மந்தமுமாகி, எதற்கும் உதவாமல் போய்விடும். சவுக்கே தேவைப்படாத குதிரையைச் சவுக்குக்கும் அசையாத குதிரையாக ஆக்கியது யார்?

பயணிகளின் எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் வெவ்வேறு நாட்டைச் சேர்ந்த இருவர் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்.

வெட்கம் எங்கே என்று கேட்பீர்கள். குதிரை மருத்துவம் தெரிந்தவர்களை வியாபாரிகள் வேண்டுமென்றே அங்கே போகவிடவில்லை என்கிறார் மார்க்கோ போலோ. குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும்? அந்த அறிவு நம்மவர்களிடம் இல்லாமல் இல்லை. 9ஆம் நூற்றாண்டிலேயே அப்பாஸிய கலீஃபாவின் லாயத்துக்குப் பொறுப்பாக இருந்த இப்னு அகீ ஹிஸாம், குதிரைப் பராமரிப்பையும் பழக்கத்தையும் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார். குதிரை விலைக்கு வந்தது, அறிவு கூட வரவில்லை. அவர் சொன்னது உண்மையானால், அதில் லாபம் பார்த்தவர்கள் நம் ஆட்கள்தான்.

குதிரை ஏன் முரண்டு பிடிக்கிறது? அது வேட்டையாடும் மிருகம் அல்ல, வேட்டையாடப்படும் மிருகம். முதுகில் திடீரென ஏறும் பாரம் அதற்குப் புலி பாய்ந்த மாதிரி. கண் பக்கவாட்டில் இருப்பதால் மூக்குக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் அதற்குத் தெரியாது. அதனால் பழக்கத் தெரிந்தவர் முதலில் சவுக்கைத் தேடமாட்டார். வாயில் புண்ணா, பல் கூர்மையாகிக் கடிவாளம் வலிக்கிறதா, சேணம் முதுகை அழுத்துகிறதா, குளம்பில் நோவா என்று பார்ப்பார். பிறகு கையால் தடவி, முதுகில் துணி போட்டு, சேணம் வைத்து, கடைசியில்தான் ஏறுவார். சொன்னதைச் செய்த அந்த நொடியே கடிவாளத்தைத் தளர்த்துவார். அந்தத் தளர்வுதான் குதிரைக்குக் கிடைக்கும் 'சபாஷ்'. ஒரே நேரத்தில் கடிவாளத்தை இழுத்துக்கொண்டு விலாவிலும் உதைத்தால், நிற்பதா ஓடுவதா என்று தெரியாமல் அது குழம்பும். நாம் அதைத் திமிர் என்போம்.

அலெக்சாந்தரின் குதிரை பற்றி கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க் சொல்லும் கதையும் இதுதான். யாருக்கும் அடங்காத குதிரை தன் நிழலுக்கே பயப்படுகிறது என்று அந்தச் சிறுவன் கண்டுகொண்டான். சூரியனைப் பார்க்கத் திருப்பினான், நிழல் பின்னால் போனது, ஏறிவிட்டான்.

நமக்கு அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது: அன்னை ஆயிஷா (ரழி) முரண்டு பிடித்த ஒட்டகத்தில் ஏறி அதை இழுத்துத் திருப்பியபோது, மென்மையாக நடக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். மென்மையைப் பற்றி நாம் ஜும்ஆவில் கேட்கும் உபதேசம் ஒரு முரட்டு மிருகத்தின் முதுகில் வைத்துச் சொல்லப்பட்டது. புகாரியில் இன்னொன்று: ஒரு இரவு மதீனாவில் ஏதோ சத்தம் கேட்டு மக்கள் பயந்தபோது, அபூ தல்ஹா (ரழி) அவர்களின் மந்தமான குதிரையில் சேணம்கூட இல்லாமல் ஏறிப் போய்ப் பார்த்து வந்த நபி (ஸல்) அவர்கள், அதைக் கடலுக்கு ஒப்பிட்டுப் பேசினார்கள். ஊரே மந்தம் என்று ஒதுக்கிய குதிரை அது. அதன் பிறகு அதை முந்த ஒரு குதிரையும் இருக்கவில்லை என்று அனஸ் (ரழி) அறிவிக்கிறார்கள்.

இனி அந்தப் பிள்ளைக்கு வருவோம். (வாப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) வகுப்பில் அவன் எப்போது குழப்படி செய்கிறான் என்று ஒரு கிழமை கவனித்தேன். ஒவ்வொரு முறையும் வாசிப்பு அவன் வாங்குக்குக் கிட்ட வரும்போதுதான். பேனையைத் தட்டுவான், பக்கத்தில் இருப்பவனைச் சீண்டுவான், நான் வெளியே நிறுத்துவேன், அவன் முறை தப்பிப் போய்விடும். விசாரித்தால், தரம் 5 வரை சிங்கள மொழிமூலம் படித்தவன். தமிழ் கதைப்பான், எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. மூன்று வருடமாக அந்த நிழலுக்குத்தான் பயந்திருக்கிறான். அதைக் காணாமல் இரண்டு தவணை வெளியே நிறுத்தியவன் நான்தான். ஏறி ஓட்டத் தெரிந்தது, பார்க்கத் தெரியவில்லை.

இப்போது இடைவேளையில் பத்து நிமிடம் என்னோடு வாசிக்கிறான். போன புதன்கிழமை அரைப் பக்கம் வாசித்தான். நான்கு இடத்தில் தடக்கினான், ஆனால் பேனையைத் தட்டவில்லை. குழப்படி முழுக்க நின்றுவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இன்ஷா அல்லாஹ், நாள் எடுக்கும்.

பெற்றாரிடமும் என்னைப்போன்ற ஆசிரியர்களிடமும் கேட்பது ஒன்றுதான். "அடங்காதவன்" என்று சொல்லும் முன், ஒருமுறை சேணத்துக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள். எங்கே வலிக்கிறது என்று தெரியும்.