ஊக்கமும் உயர்வும்: பினாங்குத் தமிழர் வரலாற்றில் ஒரு நோக்கு

மனிதனின் உயர்வும் தாழ்வும் அவன் உள்ளத்தின் திண்மையைப் பொறுத்தவை என்பது தமிழ்ச் சான்றோர் நெடுங்காலமாக வற்புறுத்தி வந்த கருத்தாகும். ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்னும் நான்கு அதிகாரங்களைத் திருவள்ளுவர் அடுத்தடுத்து வைத்து இக்கருத்தை நிலைநாட்டியுள்ளார். இந்நான்கும் அறத்துப்பாலில் இடம்பெறவில்லை. பொருட்பாலின் அரசியல் பகுதியில் இடம்பெற்றுள்ளன. ஊக்கம் என்பது தனியொருவனின் நெஞ்சுக்குள் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும் பண்பன்று, நாட்டு வாழ்வோடும் பிணைந்தது என்பதனை இவ்வைப்புமுறை உணர்த்துகின்றது எனலாம்.

முடியும் என்று எண்ணுக, உயர்வு தானே வரும் என்று மாணவர்க்கு அறிவுரை கூறுதல் எளிது. ஆயின், அவ்வாறு எண்ணியும் உயராதவன் ஒருவன் இருப்பின், அவனை நோக்கி அவ்வறிவுரை என்ன சொல்லும்? அவன் முயற்சி போதவில்லை என்று பழியை அவன்மேலேயே ஏற்றிவிட்டு ஒதுங்குமா? இவ்வினாவுக்கு விடை காண நூல்களை மட்டும் புரட்டுதல் போதாது. ஒரு மக்கட் கூட்டம் தாழ்வுணர்ச்சியிலிருந்து விடுபட்டு எழுந்த வரலாற்றையும் ஆராய்தல் வேண்டும். அதற்குப் பினாங்குத் துறைமுகத்தை மலாயாவின் வாயிலாகக் கொண்டு வந்த தமிழரின் வரலாறு தக்கதொரு சான்றாகும்.

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தொடங்கிய காலந்தொட்டே தமிழர் அங்கு வாழ்ந்து வந்துள்ளனர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சூலியா என்று அழைக்கப்பெற்றனர். ஜார்ஜ் டவுனின் சூலியா தெரு அவர்கள் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. அவர்கள் தலைவர் காதர் முகைதீன் காலத்தில், 1801ஆம் ஆண்டில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தோன்றிற்று. குயின் தெருவிலுள்ள மகா மாரியம்மன் கோயில் 1833ஆம் ஆண்டுக்குரியது. தமிழகக் கரைக்கும் பினாங்குக்கும் இடையே கப்பல் விட்டும், கடை வைத்தும், நாணயம் மாற்றியும் பொருளீட்டிய இவர்களின் ஊக்கத்துக்கு உறவினர் துணையும் கைமுதலும் வணிகத் தொடர்பும் ஊன்றுகோலாய் நின்றன.

அதே துறைமுகத்தில் பிறிதொரு கூட்டத்தாரும் இறங்கினர். கரும்புத் தோட்டங்களுக்கும் பின்னர் இரப்பர்த் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் அவர்கள். கடல் கடந்து, முன்பின் அறியாத நாட்டில் காடழித்துப் பிழைக்கத் துணிந்த அம்மக்களிடம் ஊக்கம் குறைவாக இருந்தது என்று எவரும் கூறவியலாது. எனினும், அவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கடனோடு வந்தனர். ஒப்பந்த முறை 1910ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்ட பின்னர்க் கங்காணி முறையே மேலோங்கிற்று. ஆள் ஒன்றுக்கு இவ்வளவு எனத் தலைக்காசு பெற்ற கங்காணியின் ஆணை, லயத்து வாழ்க்கை, ஊரிலிருந்து உடன்வந்த சாதிப் பாகுபாடு, மாலையில் கையிலுள்ள காசைப் பறிக்கும் கள்ளுக்கடை ஆகிய நான்கும் அவர்களைச் சூழ்ந்து நின்றன. 'கூலி' என்னும் சொல் பெறும் ஊதியத்தைக் குறித்தது போய், அதனைப் பெறும் மனிதனையே குறிக்கலாயிற்று. பிறர் தம்மை அழைத்த அப்பெயரைத் தாமே தமக்குச் சூட்டிக்கொள்ளும் நிலை எய்தியதே அவர்கள் அடைந்த தாழ்வின் ஆழமாகும்.

கல்வி இத்தாழ்வை நீக்கியிருக்க வேண்டும். மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமும் பினாங்கிலேயே அமைந்தது. 1816ஆம் ஆண்டில் ஹட்சிங்ஸ் பாதிரியார் நிறுவிய பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு ஒன்று தொடங்கப்பெற்றதை வரலாறு குறிக்கின்றது. ஆயினும், தோட்டத்துப் பிள்ளைகளை எழுத்தறிவு எட்டுதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. பள்ளி வயதுச் சிறுவர் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறு தோன்றிய பள்ளிகள் பலவற்றில் ஓர் அறையே பள்ளியாகவும், ஓராசிரியரே எல்லா வகுப்புக்கும் ஆசிரியராகவும் இருந்த நிலை தமிழாசிரியர் நன்கறிந்ததே.

இத்தகைய சூழலில் 1929ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெரியார் ஈ. வெ. இராமசாமி நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கில் வந்திறங்கினார். 1925ஆம் ஆண்டில் 'குடிஅரசு' இதழைத் தொடங்கிச் சுயமரியாதைக் கொள்கையைப் பரப்பிவந்த அவருடன் துணைவியார் நாகம்மையாரும் வந்திருந்தார். வைதிகப் பற்றுடையோர் சிலர் அவர் வருகையை எதிர்த்தனர். எனினும் ஈப்போவில் நடைபெற்ற தமிழர் சீர்திருத்த மாநாட்டிலும், மலாயாவின் பிற ஊர்களிலும், சிங்கப்பூரிலும் அவர் உரையாற்றினார். ஏறத்தாழ ஒரு திங்கள் நீடித்த அப்பயணம் மலாயாத் தமிழர் சிந்தனையில் ஒரு திருப்பத்தை உண்டாக்கிற்று.

சுயமரியாதை இயக்கத்தின் சமயக் கருத்துகளை ஏற்றோரும் உண்டு, மறுத்தோரும் உண்டு. அக்கருத்து வேறுபாட்டுக்கு அப்பால் ஓர் உண்மை நிலைத்து நிற்கின்றது. பிறப்பினால் எவனும் தாழ்ந்தவனல்லன் என்னும் எண்ணமே முன்னேற்றத்தின் முதற்படி என்று அவ்வியக்கம் வற்புறுத்தியது. பொருளீட்டும் வழியை மட்டும் கற்பிக்கும் முன்னேற்ற நூல்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. தன்னை இழிந்தவனாகக் கருதுகின்றவன் சேமித்த காசையும் பிறர்முன் பெருமை காட்டுதற்கே செலவிடுவான். கற்ற கல்வியையும் தன் இனத்தாரை விட்டு விலகுதற்கே பயன்படுத்துவான். தன்மதிப்பு வேரூன்றிய பின்னரே சிக்கனமும் கல்வியும் முயற்சியும் நிலையான பயன் தரும்.

இயக்கத்தின் ஆற்றல் மேடைப் பேச்சோடு நின்றுவிடவில்லை. சிங்கப்பூரில் 'முன்னேற்றம்' இதழை நடத்திய கோ. சாரங்கபாணி, 1932ஆம் ஆண்டில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றுதற்குத் துணைநின்றார். 1935ஆம் ஆண்டில் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். சங்கங்களும் படிப்பகங்களும் எழுந்தன. ஒருவர் இதழை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பலர் சூழ்ந்திருந்து கேட்கும் வழக்கம் பரவிற்று. தனிமனிதன் உள்ளத்தில் தோன்றிய நம்பிக்கை இவ்வாறு கூடிப் பேசும் இடம் பெற்றமையாலேயே அவிந்துபோகாமல் நிலைத்தது. எனினும், முன்னணியில் நின்றோருள் பெரும்பாலோர் நகரத்து வணிகரும் எழுத்தரும் ஆசிரியருமே ஆவர். தோட்டத்து லயங்களில் அவ்வெழுச்சி முழுமையாகப் புகுதற்கு இரண்டாம் உலகப் போர் வரை காத்திருக்க நேர்ந்தது.

ஜப்பானியர் ஆட்சியில் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் மரண இரயில்பாதைப் பணியில் மாண்டனர். அதே காலத்தில், 1943ஆம் ஆண்டில், நேதாஜி சுபாஷ் சந்திர போசின் தலைமையை ஏற்று இந்திய தேசிய இராணுவத்தில் தோட்டத்து இளைஞர் திரளாகச் சேர்ந்தனர். ஜான்சி ராணிப் படையில் பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பெண்களும் துப்பாக்கி ஏந்தினர். போரில் அப்படை வெற்றி காணவில்லை. ஆயினும், துரையின் முன் குனிந்து நின்ற ஒருவன் சீருடை அணிந்து நிமிர்ந்து நின்ற பின்னர்ப் பழைய நிலைக்கு மீளுதல் அரிதாயிற்று.

போருக்குப் பின் இம்மாற்றம் பினாங்குக்கு அண்மையிலுள்ள கெடா மாநிலத்தில் வெளிப்பட்டது. ஹார்வார்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமியின் தலைமையில் தோன்றிய தொண்டர் படை கள்ளுண்ணாமையையும் ஒழுக்கத்தையும் முதற் கடமைகளாகக் கொண்டது. தோட்டக் கள்ளுக்கடைகள் உரிமம் பெற்று நடந்தவை. குடியை விடுமாறு தொழிலாளிக்கு அறிவுரை கூறிய அதே சமுதாய அமைப்பு அவன் லயத்துக்கு அருகிலேயே கள்ளையும் விற்றது. தொண்டர்கள் தம்மவரைத் திருத்துவதோடு நில்லாமல் கடைகளையே மறித்தனர். 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிடோங்கில் காவலரோடு மோதல் மூண்டு உயிர் பலியாயிற்று. அப்படையும் ஒடுக்கப்பட்டது. குடித்து வந்தோரை அது தண்டித்த முறையில் கடுமை இருந்தது என்பதும் மறைத்தற்குரியதன்று. எனினும், தீயபழக்கத்தை விடுதல் தனிமனிதனின் மனவுறுதியால் மட்டும் ஆவதன்று, அப்பழக்கத்தை வளர்க்கும் சூழலையும் மாற்றுதல் வேண்டும் என்பதை எழுதப் படிக்க அறியாத தொழிலாளரும் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

இவ்வுணர்வு ஆக்கப் பணியாக மலர்ந்தது 1960ஆம் ஆண்டில் எனலாம். அக்காலத்தில் வெள்ளையர் தம் தோட்டங்களை விற்றுச் செல்ல, அவை துண்டாடப்பட்டு, தொழிலாளர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். அவ்விடரைக் கண்டு துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரிடமிருந்து பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டிய பணத்தைக் கொண்டு, மறு ஆண்டிலேயே கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பெற்றது. நேற்றுவரை பிறருக்குரிய மரத்தில் பால் எடுத்தவன் அத்தோட்டத்தின் பங்குதாரனானான். தனித்து நின்ற பத்து வெள்ளி ஒருவனுக்கு நம்பிக்கை தந்திராது. ஆயிரவர் சேர்த்த பத்து வெள்ளி நிலமாயிற்று. அந்நிலம் நம்பிக்கையை வளர்த்தது.

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க கருத்து ஒன்றுண்டு. உள்ளம் மாறினால் எல்லாம் மாறும் என்பது பாதி உண்மை. சூழ்நிலை மாறினால் உள்ளம் தானே மாறும் என்பதும் பாதி உண்மையே. தன்மதிப்பு இல்லாதிருந்தால் தொண்டர் படை தோன்றியிராது, கூட்டுறவும் கைகூடியிராது. இதழும் சங்கமும் பள்ளியும் கூட்டுறவும் இல்லாதிருந்தால் 1929ஆம் ஆண்டில் மூண்ட தன்மதிப்பு உணர்ச்சி சில நாளில் ஆறிப்போயிருக்கும். உள்ளத்து ஊக்கம் விதை. அதனை ஏற்று வளர்க்கும் அமைப்புகளே நிலம்.

பினாங்கு மாநிலத்தில் இன்று 28 தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றில் பயிலும் பிள்ளைகளுள் வறிய இல்லங்களிலிருந்து வருவோரும் உளர். அவர்களுக்கு ஊக்கமூட்ட விரும்பும் ஆசிரியர் எங்கோ பிறந்து கோடி திரட்டிய செல்வரின் கதையைத் தேட வேண்டுவதில்லை. பாட்டனாரும் பாட்டியாரும் எந்நிலையில் கரையிறங்கினர், எதனால் தாழ்வுற்றனர், எவ்வாறு எழுந்தனர் என்பதை எடுத்துரைத்தலே சாலும். அதனைக் கேட்கும் மாணவன் தன் குடும்பத்தின் வறுமைக்கு வெட்கப்பட வேண்டியதில்லை என்று அறிவான். தன் முயற்சிக்குப் பின்னே ஒரு சமுதாயத்தின் முயற்சி நிற்கின்றது என்றும் உணர்வான். ஆசிரியர் அவ்வறிவுரையோடு நில்லாது, மாலையில் அமைதியாக அமர்ந்து படிக்க ஓரிடம், இரவல் பெறச் சில நூல்கள், பிழை திருத்த ஒரு துணை ஆகியவற்றையும் அவனுக்கு அமைத்துத் தருதல் வேண்டும். அந்நாள் படிப்பகங்கள் செய்த பணி அதுவே. இந்நாள் வகுப்பறைகளிலும் தொடர வேண்டிய பணியும் அதுவேயாகும்.