சபிக்கப்பட்ட மலையும் கோடைகால யாத்திரிகரும்

கோடை விடுமுறையில் மலைச்சாரலில் நடந்து திரிவது ஓர் இன்பம் என்னும் எண்ணம் மனித சரித்திரத்தில் மிகப் பிந்தியே தோன்றியதாகும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அல்ப்ஸ் மலைகளிடையே வாழ்ந்த குடியானவரிடம் இதனைக் கூறியிருந்தால், அவர் நகைத்திருப்பார். அன்றேல் நம்முடைய அறிவில் ஐயங்கொண்டிருப்பார். அச்சத்திற்குரிய மலை எவ்வாறு ஆனந்தத்திற்குரிய மலையாயிற்று என்பதை, ஒரேயொரு பள்ளத்தாக்கின் வரலாற்றைக் கொண்டு நேயர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

ஷமொனி என்பது அப்பள்ளத்தாக்கின் பெயர். ஆர்வ் என்னும் ஆறு அதனூடே பாய்கின்றது. சவோய் நாட்டின் ஒரு பகுதியாயிருந்த அவ்விடம் 1860 ஆம் ஆண்டில் பிரான்சுடன் நிலையாக இணைந்தது. அதற்கு நேர் மேலே ஏறத்தாழ 4,800 மீற்றர் உயரத்தில் மொன் பிளாங், அதாவது வெண்மலை, எழுந்து நிற்கின்றது. இன்று அழகு ததும்பும் இப்பெயரைத் தாங்கும் மலைக்கூட்டத்திற்கு, முன்னாளில் சுற்றுப்புறத்தார் இட்டிருந்த பெயர் சபிக்கப்பட்ட மலை என்பதாகும். அதற்குத் தக்க காரணமும் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் குளிர் மிகுந்து, பனியாறுகள் கீழே இறங்கி வயல்களையும் வீடுகளையும் நெருக்கின. 1644 ஆம் ஆண்டில் ஆயர் ஒருவர் ஊராருடன் ஊர்வலமாகச் சென்று, பனியாறு பின்வாங்க வேண்டுமென்று மந்திரித்து ஆசீர்வதித்தார். பசியோடு போராடிய அம்மக்கள் மலைமேற் சென்றதெல்லாம் ஆடுமாடு மேய்ப்பதற்கும், வரையாடு வேட்டையாடுவதற்கும், பளிங்குக் கற்களைப் பொறுக்குவதற்குமேயன்றிக் காட்சி காண்பதற்கன்று.

காட்சி காண வந்தவர்கள் வெளியூரார். 1741 ஆம் ஆண்டுக் கோடையில் வில்லியம் வின்டம், றிச்சார்ட் பொக்கொக் என்னும் இரு ஆங்கிலேயர், கள்வர்க்கஞ்சி ஆயுதம் தாங்கிய துணைவருடன் ஜெனீவாவிலிருந்து புறப்பட்டு வந்தனர். மொந்தன்வேர் என்னும் மேட்டில் ஏறிக் கீழே நோக்கிய வின்டம், காற்றில் அலையெறியும் ஏரியொன்று திடீரென உறைந்துவிட்டாற் போன்ற பனிப்பரப்பைக் கண்டார். அதற்குப் பனிக்கடல் என்னும் பெயர் பின்னர் நிலைத்தது. அவர் எழுதிய விவரம் அச்சேறியபின், ஆண்டுதோறும் ஆனி, ஆடி மாதங்களில் கனவான்கள் வரலாயினர்.

அவ்வாறு வந்தவருள் ஒருவர் ஜெனீவா நகரத்து இளம் விஞ்ஞானி டி சொசூர். 1760 இல், வெண்மலையின் உச்சிக்கு வழி காண்பவருக்குப் பரிசளிப்பதாக அவர் அறிவித்தார். கால் நூற்றாண்டு கழிந்தது. பலர் முயன்று திரும்பினர். இறுதியில் 1786 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8 ஆம் திகதி மாலை, உள்ளூர் மருத்துவர் பக்காரும் பளிங்கு தேடுபவரான ஜாக் பல்மாவும் கயிறுமின்றி ஏணியுமின்றி உச்சியை அடைந்தனர். மருத்துவர் அங்கே பாரமானியைக் கொண்டு அளவெடுத்தார். இறங்கி வருகையில் பனியொளியால் அவர் கண்கள் பார்வை மங்கிப்போயின.

வரலாறு எழுதுவோர் நின்று சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. பலமுறை முயன்று தோற்ற பூரி என்னும் ஜெனீவாக்காரர், புகழ் முழுவதும் பல்மாவுக்கே உரியதென்று அச்சிட்டுப் பரப்பினார். பக்கார் எழுதுவதாக அறிவித்த நூலோ வெளிவரவில்லை. அவர் 1827 இல் காலமானார். ஐந்து ஆண்டுகளின் பின் முதியவரான பல்மாவைச் சந்தித்த அலெக்சாந்தர் டூமா, மருத்துவரைத் தாமே இழுத்துச்செல்ல நேர்ந்ததாக அவர் கூறிய கதையைச் சுவைபட எழுதினார். நாவலாசிரியரின் எழுத்தை உலகம் நம்பியது. 1887 இல் ஷமொனியில் நாட்டிய சிலையில், பல்மா சொசூருக்கு உச்சியைச் சுட்டிக்காட்டுகின்றார். பக்காருக்கு அங்கே இடமில்லை. ஆனால் அந்த நாளில் சாக்சனி நாட்டுப் பிரபு கெர்ஸ்டோர்ப் என்பவர் பள்ளத்தாக்கிலிருந்து தூரதரிசனி மூலம் இருவரையும் நோக்கி, வழியையும் நேரத்தையும் குறித்து வைத்திருந்தார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அக்குறிப்பு வெளிச்சத்திற்கு வந்தபோது, இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே உச்சியை எய்தினர் என்பது தெளிவாயிற்று. பக்காருக்குச் சிலை எழுந்ததோ 1986 இல், அவர் ஏறிய இருநூறாம் ஆண்டில்!

மறுவருடம் சொசூரும் பதினெட்டு வழிகாட்டிகளுடன் ஏறினார். அதிலிருந்து மலையேற்றம் பள்ளத்தாக்கிற்கு ஒரு தொழிலாயிற்று. தொழிலுக்குரிய விலையையும் அவ்வூரார் செலுத்தினர். 1820 ஆகஸ்டில், ஹாமெல் என்னும் விஞ்ஞானியின் குழுவைப் பனிச்சரிவு தாக்கியது. மூன்று வழிகாட்டிகள் ஆழ்ந்த வெடிப்பொன்றில் மறைந்தனர், பிரயாணிகளோ பிழைத்தனர். அடுத்த ஆண்டே வழிகாட்டிகள் தமக்கெனச் சங்கம் ஒன்றை நிறுவினர். முறைவைத்து வேலை பெறவும், துன்பமுற்ற குடும்பங்களுக்குப் பொதுநிதியிலிருந்து உதவவும் அது வழிசெய்தது. பனியாறு நகரும் வேகத்தை ஆராய்ந்த ஸ்கொத்லாந்து அறிஞர் போர்ப்ஸ், இறந்தோரின் உடல்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் கீழே வெளிப்படும் என்று கணித்திருந்தார். 1861 இல் பொசோன் பனியாற்றின் அடியில் அவை வெளிப்பட்டன. அன்று உயிர்தப்பிய முதிய வழிகாட்டி ஒருவர் தம் தோழரை அடையாளங்கண்டார். கணிதம் பலித்த செய்தி விஞ்ஞானிகளுக்கு மகிழ்ச்சியளித்திருக்கலாம். அம்முதியவருக்கு எவ்வாறிருந்ததென்று நூல்கள் விரித்துரைப்பதில்லை.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். 1901 இல் புகையிரதம் ஷமொனிக்கு வந்தது. 1909 இல் பற்சக்கர இரயில் மொந்தன்வேர் வரை ஏறியது. 1936 இல் பிரான்சுத் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் இருவார விடுமுறை சட்டமானபின், கனவான்களின் மலை பொதுமக்களின் மலையாகத் தொடங்கியது. இன்று வெண்மலையைச் சுற்றி மூன்று நாடுகளினூடே செல்லும் ஏறத்தாழ 170 கிலோமீற்றர் நடைபாதையில், தோளில் பையுடன் ஒவ்வொரு கோடையிலும் ஆயிரக்கணக்கானோர் நடக்கின்றனர்.

பின்வாங்குமாறு ஆயர் மந்திரித்த பனியோ இப்போது தானாகவே பின்வாங்குகின்றது. வின்டம் நின்று நோக்கிய மேட்டின் கீழே பனிக்கடல் நூறு மீற்றருக்கும் அதிகமாகத் தாழ்ந்துவிட்டது. 1988 இல் தொங்கூர்தியிலிருந்து சில படிகள் இறங்கியதும் பனியைத் தொட முடிந்தது. பின்னர் ஆண்டுக்காண்டு படிகளைக் கூட்ட நேர்ந்து, அவற்றின் தொகை ஐந்நூறைக் கடந்தது. இறங்கும் வழியில், இன்ன ஆண்டில் பனி இவ்வளவு உயரத்தில் நின்றதென்று பாறைகளில் பலகைகள் பதித்திருக்கின்றனர்.