லிபெட் சோதனை

மனிதனின் சங்கல்ப சுதந்திரத்தை ஆய்வுக்கூடத்தில் அளக்க முற்பட்ட நரம்பியல் பரிசோதனை. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் லிபெட் சான்பிரான்சிஸ்கோவில் நிகழ்த்தி, தம் சகாக்களுடன் 1983இல் வெளியிட்டது. 2.56 விநாடிக்கு ஒருமுறை வட்டமிடும் ஒளிப்புள்ளியை நோக்கியிருந்தவர்கள், தாம் விரும்பிய கணத்தில் கையை அசைத்து, அவ்விச்சை மனத்தில் உதித்தபோது புள்ளி எங்கிருந்தது என்பதைப் பின்னர் கூறினர். அசைவுக்குச் சுமார் 200 மில்லிவிநாடி முன்னரே இச்சையை உணர்ந்ததாக அவர்கள் உரைக்க, 1965இல் ஆய்வாளர்கள் கோர்ன்ஹூபரும் டீக்கேயும் விவரித்திருந்த, இச்சை அசைவுக்கு முந்தைய மூளை மின்மாற்றமான ஆயத்த மின்னழுத்தமோ, ஏறத்தாழ 550 மில்லிவிநாடி முன்பே மூளையில் எழத் தொடங்கியிருந்தது. செயலை முதலில் தொடங்குவது பிரக்ஞையன்று என்று இம்முடிவு தோன்றச் செய்தது. ஆயினும், எழுந்த உந்துதலை இறுதிக் கணத்தில் தடுத்துவிடும் அதிகாரம் பிரக்ஞைக்கு உண்டென்றே லிபெட் கருதினார். அம்மின்னெழுச்சி முன்கூட்டிய தீர்மானமன்று, மூளையின் இயல்பான ஏற்றத்தாழ்வுகள் திரண்டு ஒரு வரம்பை எட்டுவதன் விளைவேயாகலாம் என்று நரம்பியலாளர் ஆரன் ஷர்கர் குழுவினர் 2012இல் வாதித்தமையால், இச்சோதனையை மட்டும் ஆதாரமாகக் கொண்டு சுயேச்சை வெறும் மாயையென நிர்ணயித்தல் இயலாது.