உணவுக் கோளாறுகளின் மரபணுப் பின்னணி: சென்னையும் உலகமும்

உணவின்மீதான அச்சமோ அடக்க முடியாத வேட்கையோ மனநிலையோடு பின்னிக்கொண்டு உடலைக் குலைக்கும் நோய்களை உணவுக் கோளாறுகள் என்பர். உண்ண மறுப்பது அனோரெக்சியா. வாரி உண்டுவிட்டு வாந்தியெடுப்பது புலிமியா. வாந்தியெடுக்காமல் வாரி உண்பது மிகையுண்ணல்.

சென்னையில் இவற்றைத் தேடிப் பார்த்த ஆரம்பகால ஆய்வு மருத்துவர்கள் டி.என்.சீனிவாசன், டி.ஆர்.சுரேஷ் குழுவினருடையது. 210 மருத்துவ மாணவர்களில் 31 பேர் முழு நோய் என்று சொல்ல முடியாத, ஆனால் சாப்பாடு குறித்த ஓயாத தவிப்பில் இருந்ததை 1995-இல் எழுதினர். வேலூர் சி.எம்.சி. 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கோளாறுள்ள சிறார்களில் பெரும்பாலோருக்கு இருந்தது மனக்காரணத்தால் வரும் வாந்தி. மயிலாப்பூரில் ஒரு பெண் வெள்ளிக்கிழமை, சஷ்டி, ஏகாதசி என்று விரதங்களை அடுக்கினால் வீட்டில் யாரும் சந்தேகப்படுவதில்லை. "வயித்தைப் பிரட்டுது" என்று அவள் முதலில் போவதும் வயிற்று டாக்டரிடம்தான்.

மரபணுத் தேடல் லண்டனில் இரட்டையரிடமிருந்து வலுப்பெற்றது. ஒருவருக்கு அனோரெக்சியா இருந்தால், ஒரு கரு இரட்டையரில் 56 விழுக்காட்டு இணைகளில் மற்றவருக்கும் அது இருந்தது. இரு கரு இரட்டையரில் 5 விழுக்காடு மட்டுமே (1988). குடி, திருட்டு, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது எனப் பல உந்துதல்கள் சேர்ந்த புலிமியாவை மனநல மருத்துவர் ஹூபர்ட் லேசி 1986-இலேயே விவரித்திருந்தார். மனநிலையிலும் உந்துதலிலும் பங்குள்ள மூளை வேதிப்பொருளான செரட்டோனின்மேல் கவனம் குவிந்தது. 1997-இல் அதன் ஏற்பி மரபணு ஒன்று அனோரெக்சியாவோடு இணைக்கப்பட்டது; அடுத்து வந்த பல ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. ஒற்றை மரபணுவைக் குற்றவாளியாக்கும் முயற்சி அத்தோடு தளர்ந்தது, அது நல்லதே.

16,992 அனோரெக்சியா நோயாளிகளை ஆராய்ந்த 2019 ஆய்வு எட்டு மரபணு இடங்களைக் கண்டது. பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றோடு வளர்சிதை மாற்றமும் இந்நோயில் பங்குகொள்வது அதில் தெரிந்தது. 2021-இல் இக்கோளாறுகளிடையே ஒரு வேறுபாடு வெளிப்பட்டது: புலிமியாவிலும் மிகையுண்ணலிலும் ஏடிஹெச்டி எனும் கவனக்குறைவு-மிகைச்செயல் கோளாற்றின் மரபுச் சாயல் உண்டு, உடல் எடை கூடும் சாயலும் உண்டு. அனோரெக்சியாவில் எடைச் சாயல் நேர்எதிர்.

இவை ஐரோப்பிய வம்சாவளியினரின் டிஎன்ஏ-வில் கிடைத்தவை. உடல் பருத்துவிடும் என்ற பயத்தைவிட வாந்தியோடு அதிகம் வரும் நம் நோயாளிகளுக்கு அவற்றை அப்படியே பொருத்துவது நியாயமில்லை. இங்கே ஆய்வுத் திறன் இல்லாமலில்லை: பசி, நிறைவுணர்வோடு தொடர்புள்ள எஃப்டிஓ மரபணு தென்னிந்தியரின் உடற்பருமனோடும் நீரிழிவோடும் தொடர்புடையதை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2011-இல் காட்டியது. அதே ஆய்வுக்கூடத் திறனை உணவுக் கோளாறுள்ள தமிழ்க் குடும்பங்களின் பக்கமும் திருப்ப வேண்டும்.