சேவல் நின்று ஜெயித்த ஓமலூர்

சேலத்திலிருந்து பெங்களூருக்குப் போகிற பெருவழியும், மேட்டூருக்குப் பிரிகிற சாலையும், அணை கட்டிய காலத்தில் மேட்டூருக்குப் போட்ட ரயில் பாதையும் ஓமலூரில்தான் கிளைவிடுகின்றன. மைசூரிலிருந்து இறங்கிவந்த படைகளும் இந்தப் பக்கமாகவே வந்தன. அமரகுந்தியிலும் தாரமங்கலத்திலும் இருந்து ஆண்ட கெட்டி முதலிகளுக்கு ஓமலூர்க் கோட்டை ஏன் முக்கியமாக இருந்தது என்பது, இந்த வழிகளைப் பார்த்தாலே விளங்கிவிடும். 1768-இல் கர்னல் வுட்டின் கம்பெனிப் படை இந்தக் கோட்டையைப் பிடித்தது. ஹைதர் அலி மீட்டுக்கொண்டார். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையோடு சேலம் சீமை கம்பெனியின் கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் ரயத்துவாரி முறையைச் செய்துபார்த்த மண் இது.

இன்று இது சேலம் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வரும் 84-ஆம் எண் சட்டமன்றத் தொகுதி. ஓமலூர், காடையாம்பட்டி, கருப்பூர் என்று மூன்று பேரூராட்சிகள், மற்றதெல்லாம் கிராமங்கள். டேனிஷ்பேட்டைப் பக்கம் சேர்வராயன் மலையடிவாரம். கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் வெட்டிய பள்ளங்களும், 1997-இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகமும். நடுவில் கரும்பும் பூவும். தை பிறப்பதற்கு முன் வெல்ல ஆலைகளில் இரவும் பகலும் அடுப்பு எரியும். கொப்பரையில் பாகு பதம் வந்ததும் மரத்தொட்டியில் கொட்டிக் கிளறி, கை பொறுக்கிற சூட்டிலேயே உருண்டை பிடித்துவிட வேண்டும், ஆறிவிட்டால் பிடிபடாது. சிப்பம் கட்டிய வெல்லம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குப் போகும்.

இந்தக் கரும்புக்கும் பூவுக்கும் தண்ணீர்தான் பெரும் கவலை. சேர்வராயன் மலையில் பிறக்கும் சரபங்கா, ஓமலூர், தாரமங்கலம், எடப்பாடி என்று இறங்கிக் காவிரியில் சேர்கிறது. மழை பெய்தால்தான் ஆறு. ஒரே ஆற்றை நம்பிய இந்த ஊர்களைத் தொகுதி எல்லை ஒன்றாக வைத்திருக்கவில்லை. 2008 மறுசீரமைப்பில் தாரமங்கலம் தொகுதியே இல்லாமல் போய், அந்த ஊர் சங்ககிரியோடு சேர்க்கப்பட்டது. மக்கள்தொகையை மட்டும் பார்த்துக் கோடு போட்டவர்கள் ஆற்றையும் பார்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இனித் தேர்தல் கணக்குக்கு வருவோம். 1977 முதல் 2021 வரை நடந்த எந்தப் பொதுத்தேர்தலிலும் இங்கே உதயசூரியன் ஜெயிக்கவில்லை. 1977-லும் 1980-லும் அ.தி.மு.க.வின் சிவபெருமான் வென்றார். 1984-இல் அ.தி.மு.க. கூட்டணியில் இருந்த காங்கிரஸ் வென்றது.

1989-ஐத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எம்.ஜி.ஆர். மறைந்து, கட்சி இரண்டாகப் பிளந்து, இரட்டை இலை முடக்கப்பட்டிருந்த நேரம். தி.மு.க. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஆட்சிக்கு வந்தது. ஜெயலலிதா அணிக்கு மாநிலம் முழுவதும் கிடைத்தவை 27 இடங்கள். அவற்றில் ஒன்று ஓமலூர். சேவல் சின்னத்தில் சி. கிருஷ்ணன். பக்கத்து எடப்பாடியில் அதே சேவலில் முதல்முறை வென்றவர் எடப்பாடி கே. பழனிசாமி. இலை கையில் இல்லாதபோதும் கைவிடாத வாக்கு என்றால், அதைச் சின்னத்தின் செல்வாக்கு என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

தி.மு.க. அணி இங்கே வென்ற இரண்டு தடவையும் கூட்டணிக் கட்சியின் பெயரில்தான் வென்றது. 1996-இல் த.மா.கா., 2006-இல் பா.ம.க.வின் தமிழரசு. இடையில் 2001-இல் அ.தி.மு.க.வின் செம்மலை ஜெயித்து அமைச்சரானார். அதற்கு முன் தாரமங்கலத்தில் வென்றவர், பின்னாளில் சேலம் எம்.பி.யாகவும் மேட்டூர் எம்.எல்.ஏ.வாகவும் ஆனார். 2011-இல் பா.ம.க. தி.மு.க. அணியில் இருந்தும் வெற்றி அ.தி.மு.க.வுக்கே. 2016-இல் பா.ம.க. தனித்து நின்றபோதும் அ.தி.மு.க.வின் வெற்றிவேல் வந்தார். ஆக, பா.ம.க. எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம் ஓமலூர் என்று மேம்போக்காகச் சொல்வது சரியில்லை.

2021 தேர்தலில் காங்கிரஸ் மோகன் குமாரமங்கலத்தை நிறுத்தியது. சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்த சுப்பராயனின் கொள்ளுப்பேரன். 1984 முதல் மூன்று தடவை சேலம் எம்.பி.யாக இருந்த ரங்கராஜன் குமாரமங்கலத்தின் மகன். அ.தி.மு.க.வின் மணியிடம் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். சேலம் மாவட்டத்தின் பதினொரு தொகுதிகளில் பத்து அன்று அ.தி.மு.க. கூட்டணிக்குப் போனது.

இத்தனைக்கும், காமலாபுரம் விமான நிலைய விரிவாக்கத்துக்காக 2018-இல் காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி ஊர்களில் 570 ஏக்கர் எடுக்க முயன்றபோது விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். ஆண்டதும் அதே கட்சிதான். ஆனால் தேர்தலுக்கு முந்தைய பிப்ரவரியில் இரண்டு காரியங்கள் நடந்தன. மேட்டூர் உபரிநீரால் சரபங்கா வடிநிலத்தின் 100 ஏரிகளை நிரப்பும் 565 கோடி ரூபாய்த் திட்டத்தின் முதல் கட்டம் தொடங்கியது. வன்னியருக்கு 10.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு சட்டமானது. அதை 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நிலம் பறிபோகிற கோபத்தை ஏரித் தண்ணீர் தணித்ததா, ஒதுக்கீடு தணித்ததா, பக்கத்து ஊர்க்காரர் முதலமைச்சராக இருந்தது தணித்ததா? அதற்கு எடப்பாடிக்குப் போக வேண்டும். அடுத்த வாரம் போவோம்.