காரணம் மறைந்தும் நில்லாத காரியம்
(முதல் அணுகுண்டுகளின் வரலாறு)

1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாளும் 9ஆம் நாளும் ஜப்பான் தேசத்தின் இரு நகரங்கள் மீது இரண்டு அணுகுண்டுகள் வீழ்ந்தன. இதனை அறியாதவர் நம்மில் இலர். ஆயினும் அக்குண்டுகள் யாருக்கு அஞ்சிச் செய்யப்பட்டன, யார் மீது வீழ்ந்தன என்று ஒப்பிட்டு நோக்குவோர் சிலரே. ஜெர்மனிக்கு அஞ்சித் தொடங்கிய காரியம், ஜெர்மனி வீழ்ந்த பின்னும் நில்லாது ஓடி ஜப்பானில் போய் முடிந்தது. அக்காரியத்தில் ஈடுபட்டோர் பேரறிஞர்கள். அவர்களுள் நல்லோரும் பலர். அத்தனை பேர் இருந்தும் இது நேர்ந்தது எவ்வாறு? வாசக அன்பர்களுடன் சேர்ந்து இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சத்தில் பிறந்த ஆராய்ச்சி

1938 டிசம்பரில் பெர்லின் நகரில் ஆட்டோ ஹான், பிரிட்ஸ் ஸ்டிராஸ்மன் என்னும் இரு இரசாயன அறிஞர்கள் யுரேனியத்தின் மீது நியூட்ரான் என்னும் நுண்துகள்களை ஏவிப் பரிசோதித்தனர். விளைந்த பொருள்களில் பேரியம் இருக்கக் கண்டு திகைத்தனர். பேரிய அணுவின் எடை யுரேனிய அணுவின் எடையில் பாதியைச் சற்றே மிஞ்சியது. அது எங்கிருந்து வந்தது?

அவர்களோடு பல்லாண்டு பணியாற்றிய லீசே மைட்னர் அம்மையார் யூத குலத்தில் பிறந்தவர். ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி அவ்வாண்டு ஜூலையிலேயே நாட்டை விட்டு வெளியேறி, ஸ்வீடனில் தஞ்சம் புகுந்திருந்தார். அவரும் அவருடைய தமக்கை மகனாகிய ஆட்டோ பிரிஷும் சேர்ந்து சிந்தித்து, யுரேனிய அணு இரண்டாகப் பிளந்துவிட்டது என்னும் உண்மையை உலகிற்கு விளக்கினர். ஒரு நியூட்ரான் ஓர் அணுவைப் பிளக்கும். அதிலிருந்து வெளிப்படும் இரண்டு மூன்று நியூட்ரான்கள் வேறு அணுக்களைப் பிளக்கும். இவ்வாறு தொடர்ந்தால் இமைப்பொழுதில் எண்ணிலடங்கா அணுக்கள் பிளந்து பேராற்றலைக் கக்கும். இதனைத் தொடர்வினை என்பர்.

இத்தகைய தொடர்வினையைப் பற்றி 1933ஆம் ஆண்டிலேயே எண்ணியவர் ஹங்கேரியில் பிறந்த லியோ ஸிலார்டு. அவரும் ஹிட்லருக்கு அஞ்சி ஜெர்மனியை நீங்கியவரே. அணுவைப் பிளந்த நாடு ஜெர்மனி. அங்கே ஆள்பவனோ ஹிட்லர். இவ்வாற்றல் அவன் கையில் முதலில் சேர்ந்தால் உலகம் என்னவாகும் என்று நடுங்கிய ஸிலார்டு, ஐன்ஸ்டீனை நாடினார். 1939 ஆகஸ்டு 2 தேதியிட்ட ஐன்ஸ்டீனின் கடிதம் அக்டோபர் 11ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டிடம் சேர்ப்பிக்கப்பட்டது. அதற்குள் ஐரோப்பாவில் போர் மூண்டுவிட்டது. 1940இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிரிஷும் ருடால்ப் பையர்ல்ஸும், சில கிலோ தூய யுரேனியம்-235 இருந்தாலே ஒரு நகரை அழிக்கும் குண்டு செய்யலாம் என்று கணக்கிட்டனர். அவ்விருவரும் ஹிட்லரால் வீடிழந்தவர்களே. பகைவன் கையில் சேருமுன் நம்மிடம் இருக்க வேண்டும் என்பதே இவர்கள் அனைவரின் எண்ணம். அக்காலத்தில் அது நியாயமான அச்சமே.

முழுமையை அறியாத கைகள்

1942ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவம் இவ்வேலையை மன்ஹாட்டன் திட்டம் என்னும் பெயரில் ஏற்றது. ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸ் அதன் தலைவர். அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள் சிகாகோ பல்கலைக்கழக விளையாட்டரங்கின் கீழ், என்ரிகோ பெர்மியின் தலைமையில், மனிதன் கட்டுப்படுத்திய முதல் தொடர்வினை நிகழ்ந்தது. நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் லாஸ் அலமோஸ் மலைமேட்டில் குண்டை வடிவமைக்கும் ஆய்வுக்கூடம் எழுந்தது. அதன் தலைவர் ராபர்ட் ஓப்பன்ஹைமர், பௌதிக அறிஞர். சமஸ்கிருதம் பயின்று கீதையை மூலத்திலேயே படித்தவர்.

இயற்கை யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களுக்கு ஏழே, குண்டுக்கு உதவும் 235 என்னும் வகை. இரசாயன முறையால் இரண்டையும் பிரித்தல் இயலாது. ஆகவே டென்னஸி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்னும் புதிய நகரையே நிறுவி, மாபெரும் மின்காந்தங்களின் உதவியாலும் வேறு முறைகளாலும் பிரித்தனர். போர்க்காலத்தில் செம்புக்குப் பஞ்சம். மின்காந்தச் சுருள்களுக்காக அமெரிக்க அரசாங்கத்தின் கருவூலத்திலிருந்து பதினான்காயிரம் டன்னுக்கு மேற்பட்ட வெள்ளியைக் கடனாக எடுத்துக் கம்பியாக்கினர் என்றால், வேலையின் அளவை நாம் ஊகிக்கலாம். வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்போர்டில் கொலம்பியா ஆற்றங்கரையில் அணு உலைகள் அமைத்துப் புளூட்டோனியம் என்னும் மற்றொரு வெடிபொருளை விளைவித்தனர். மொத்தச் செலவு ஏறக்குறைய 200 கோடி டாலர். ஒரே சமயத்தில் வேலை செய்தோர் ஒரு இலட்சத்து இருபத்தையாயிரம் பேருக்கு மேல்.

இவர்களில் மிகப் பெரும்பாலோர் தாம் செய்வது இன்னதென்று அறியார். ஓக் ரிட்ஜில் பள்ளிப்படிப்பு முடித்த இளம்பெண்கள் எட்டு மணி நேரம் முள்ளளவிகளின் முன் அமர்ந்து, முள் விலகினால் குமிழைத் திருப்பி நேராக்கினர். எதற்காக என்று கேட்பது குற்றம். அவரவர்க்கு வேண்டிய அளவே அவரவர் அறியலாம் என்பது குரோவ்ஸ் வகுத்த விதி. பகைவனின் ஒற்றரைத் தடுக்க ஏற்பட்ட இவ்விதிக்கு மற்றொரு விளைவும் உண்டு. முழுமையை அறியாதவன் அதனைத் தடுக்கவும் இயலாதவன் ஆகிறான்.

நிறுத்தியிருக்கக் கூடிய இடம்

1944 நவம்பரில் நேச நாட்டுப் படைகள் ஸ்டிராஸ்பர்க் நகரைக் கைப்பற்றின. அங்கே கிடைத்த ஆவணங்களிலிருந்து, ஜெர்மனியிடம் அணுகுண்டு இல்லை, விரைவில் செய்யும் நிலையிலும் இல்லை என்பது தெளிவாயிற்று. எந்த அச்சத்தால் காரியம் தொடங்கியதோ அந்த அச்சம் அகன்றது. லாஸ் அலமோஸில் இருந்த ஜோசப் ராட்பிளாட் என்னும் போலந்து நாட்டு அறிஞர், ஜெர்மனியின் குண்டு முயற்சி கைவிடப்பட்டதென உணர்ந்து, டிசம்பரில் பணியை விட்டு இங்கிலாந்து திரும்பினார். மற்றவர்கள் தொடர்ந்தனர். வேலை ஏறக்குறைய முடியும் தறுவாயில் இருந்தது. தீராத புதிர் ஒன்றைத் தீர்க்கும் ஆர்வம் அறிஞர்களை ஆட்கொண்டிருந்தது. இத்தனை கோடி செலவிட்டுவிட்டு இடையில் விடுவதா என்ற எண்ணம் அதிகாரிகளுக்கு இருந்தது. ராட்பிளாட் தம் எஞ்சிய வாழ்நாளை அணு ஆயுத எதிர்ப்புக்கே அளித்தார். 1995இல் அவருக்கும் அவர் சார்ந்த பக்வாஷ் மாநாட்டு அமைப்புக்கும் சமாதானத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது.

1945 ஏப்ரல் 12ஆம் நாள் ரூஸ்வெல்ட் காலமானார். பதவியேற்ற ஹாரி ட்ரூமன், துணை ஜனாதிபதியாக இருந்தும் இத்திட்டத்தைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் அறியாதவர். ஏப்ரல் 25ஆம் நாள்தான் அவருக்கு முழு விவரம் கூறப்பட்டது. மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. அதன் பின் கேள்வி உருமாறியது. 'வேண்டுமா' என்பது போய் 'எங்கே, எப்போது' என்பதாயிற்று.

தடுக்க முயன்றோரும் இருந்தனர். ஜூன் மாதம் ஜேம்ஸ் பிராங்க் தலைமையில் சிகாகோ அறிஞர்கள், முதலில் ஆளில்லாத இடத்தில் உலகநாடுகள் காண வெடித்துக் காட்டுமாறு கேட்டனர். ஓப்பன்ஹைமர், பெர்மி முதலிய நால்வர் குழு, அத்தகைய காட்சி போரை முடிக்கும் என்று தமக்குத் தோன்றவில்லை எனக் கருத்துரைத்தது. ஜூலை 16 அதிகாலையில் அலமகோர்டோ அருகே பாலைவனத்தில் முதல் குண்டு வெடித்துப் பரிசோதனை வென்றது. மறுநாள் ஸிலார்டு, ஜப்பானுக்குச் சரணடையும் நிபந்தனைகளைத் தெளிவாய் அறிவித்து வாய்ப்பளிக்குமுன் குண்டை ஏவலாகாது என்று ஒரு மனு எழுதினார். எழுபது பேர் கையொப்பமிட்டனர். கடிதம் எழுதிக் காரியத்தைத் தொடங்கி வைத்தவரே அதனை நிறுத்தவும் எழுதினார். முன்னதன் கடிதம் ஜனாதிபதியைச் சேர்ந்தது. பின்னது இராணுவ அலுவலகங்கள் வழியே சென்று, குண்டு வீழும் வரை ஜனாதிபதி பார்வைக்கு வரவேயில்லை. மேசைக்கு மேசை மாறும் கோப்பின் கதையை, அலுவலகத்தில் காலம் கழிப்போர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

இரு நகரங்கள்

ஜூலை 25ஆம் நாள் பிறந்த இராணுவக் கட்டளை, ஆகஸ்டு 3ஆம் நாளையொட்டி வானிலை இடந்தரும்போது முதல் குண்டையும், தயாராகுந்தோறும் அடுத்த குண்டுகளையும் வீசுமாறு பணித்தது.

ஆகஸ்டு 6, காலை 8 மணி 15 நிமிடம். ஹிரோஷிமா நகரின் மேல் ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் யுரேனியக் குண்டு வெடித்தது. அதில் இருந்த யுரேனியம் 64 கிலோ. பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. அதன் வலிமை ஏறக்குறைய 15,000 டன் டி.என்.டி. வெடிமருந்துக்கு நிகர். விமானத் தாக்குதலில் தீ பரவாதிருக்க வீடுகளை இடித்து வெளியமைக்கும் பணிக்காகப் பள்ளி மாணவ மாணவியர் அன்று காலை திறந்த வெளியில் திரண்டிருந்தனர். அவர்களுள் சுமார் ஆறாயிரம் பேர் மாண்டனர். அவ்வாண்டு முடிவதற்குள் அந்நகரில் இறந்தோர் சுமார் 1,40,000. மூன்றாம் நாளே நகரின் ஒரு பகுதியில் டிராம் வண்டி ஓடலாயிற்று என்னும் செய்தி, மனிதனின் கடமையுணர்ச்சிக்கு ஒரு சான்று.

ஆகஸ்டு 9ஆம் நாள் புளூட்டோனியக் குண்டைத் தாங்கிய விமானம் சென்றது கோகுரா நகருக்கு. புகையும் மேகமும் மறைத்தமையால் மும்முறை முயன்றும் இலக்குக் காணாது நாகசாகிக்குத் திரும்பியது. காலை 11 மணி 2 நிமிடத்திற்கு உராகாமிப் பள்ளத்தாக்கின் மேல் குண்டு வெடித்தது. ஆண்டிறுதிக்குள் சுமார் 74,000 பேர் மாண்டனர். ஒரு நகரின் விதியை மேகம் முடிவு செய்தது.

காயமே இல்லாதிருந்தோரும் சில நாட்களில் மயிர் உதிர்ந்து, குருதி கசிந்து இறந்தனர். கதிரியக்கத்தின் வேலை அது. ஹிரோஷிமாவில் இரண்டு வயதுக் குழந்தையாய்த் தப்பிய சடாகோ ஸஸாகி என்னும் சிறுமி, இரத்தப் புற்றுநோயால் 1955இல் தன் பன்னிரண்டாம் வயதில் இறந்தாள். அவள் படுக்கையில் மடித்த காகிதக் கொக்குகளை இன்று உலகம் அறியும்.

நாகசாகிக் குண்டுக்கு ஜனாதிபதியின் புதிய ஆணை எதுவும் தேவைப்படவில்லை. பழைய கட்டளையே அதனைக் கொண்டு சென்றது. ஆகஸ்டு 10ஆம் நாள்தான், தம் வெளிப்படையான அனுமதியின்றி இனி அணுகுண்டு வீசலாகாது என்று ட்ரூமன் ஆணையிட்டார். இன்னும் ஓர் இலட்சம் பேரைக் கொல்வது, அதிலும் குழந்தைகளைக் கொல்வது, தமக்குப் பொறுக்கவில்லை என்று அவர் கூறியதாக அமைச்சர் ஹென்றி வாலஸ் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். காரியம் தொடங்கிய நாளிலிருந்து அதிகாரம் உள்ள ஒருவர் 'நிறுத்து' என்று சொன்னது அன்றே.

எண்ணிப் பார்க்க வேண்டியது

குண்டுகளே போரை முடித்தன என்பாரும் உளர். ஆகஸ்டு 8ஆம் நாள் சோவியத் நாடு போர் தொடுத்ததே முடித்தது என்பாரும் உளர். ஜப்பானியப் படை ஆசியாவுக்கு இழைத்த கொடுமையையும் மறத்தலாகாது. மலாயா தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா இரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அங்கேயே மாண்டனர். உயிர் எஞ்சியோர்க்கு ஜப்பானின் சரணாகதி விடுதலைச் செய்தியாகவே வந்திருக்கும். ஆயினும் அப்பாதையில் சாட்டை பிடித்தவன் ஒருவன். ஹிரோஷிமாவில் எரிந்த பள்ளிச் சிறுமி வேறொருத்தி. முன்னவனின் பாவத்தைப் பின்னவளின் கணக்கில் எழுதும் நீதி எந்நூலிலும் இல்லை.

தெரிந்துசெயல்வகை என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். தொடங்குமுன் ஆராய்தல் அனைவரும் போற்றும் பண்பு. தொடங்கிய பின் இடைவழியில் நின்று, தொடங்கிய காரணம் இன்னும் உள்ளதா என்று வினவுவதோ அரிது. அதற்கெனத் தனி அதிகாரி எங்கும் நியமிக்கப்படுவதில்லை. ஆதலின் ஒவ்வொருவரும் மற்றவர் கேட்பார் என்றிருந்துவிடுகிறோம். ராட்பிளாட் ஒருவர் தம்மையே கேட்டுக்கொண்டார். அவர் விலகியதால் குண்டு நிற்கவில்லை என்பது உண்மை. அவரைப் போல் ஆயிரம் பேர் கேட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பது நாம் நம் பிள்ளைகளோடு பேச வேண்டிய கேள்வி.

இன்று ஒன்பது நாடுகளிடம் அணு ஆயுதம் உண்டு. 1974இலும் 1998இலும் பரிசோதனை நடத்திய நம் நாடும் அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு நாடும் மற்றொன்றின் மீதுள்ள அச்சத்தையே காரணமாய்க் காட்டுகிறது. இரு நகரங்களிலும் குண்டுக்குத் தப்பியோர் 1956இல் அமைத்த நிஹோன் ஹிடன்கியோ என்னும் சங்கத்திற்கு 2024ஆம் ஆண்டு சமாதானத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. தப்பியவர்களின் சராசரி வயது எண்பத்தைந்தைக் கடந்துவிட்டது. அவர்கள் பள்ளிகள்தோறும் சென்று, தாம் கண்டதைக் குழந்தைகளுக்குச் சொல்லி வருகின்றனர். சொல்ல அவர்கள் இல்லாத காலம் நெருங்குகிறது. கேட்டவர்களும் படித்தவர்களும் சொல்லியாக வேண்டும்.