மருத்துவத்தின் நான்காம் கூறு: அறச்சிக்கலில் துணை நின்றோர் வரலாறு

தேக்காச் சந்தைக்கு அருகே புக்கிட் தீமா சாலையில் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை நிற்கிறது. அதன் பழம்பெயரான 'கண்டாங் கெர்பாவ்' என்பதற்கு மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள். மாட்டு வணிகம் செழித்த வட்டாரம் இது என்பதற்கு அப்பெயரே சான்று. சற்று வடக்கே, 1844இல் ஏழை நோயாளிகளுக்கென அடிக்கல் நாட்டப்பெற்று, 1909இல் மோல்மேன் சாலைக்கு இடம்பெயர்ந்த டான் டோக் செங் மருத்துவமனை உள்ளது. சிராங்கூன் வட்டாரத் தமிழர் பலர் பிறந்ததும் பிணி தீர்ந்ததும் இவ்விரு மருத்துவமனைகளில்தான். இவற்றின் வரலாற்றை நோயாளியின் பக்கம் நின்று பலமுறை கேட்டிருக்கிறோம். இவ்வுரையில் கேள்வியைத் திருப்பிப் போடுவோம். எது சரி என்று தெரியாமல் மருத்துவரும் தாதியும் தடுமாறிய வேளையில் அவர்களுக்குத் துணை நின்றவர் யார்? அத்துணை போதுமானதாக இருந்ததா?

முதற்கட்டத்தில் அவரவர் மனச்சான்றே துணை. 1966இல் மட்டும் கண்டாங் கெர்பாவில் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. உலகிலேயே ஒரு மகப்பேற்று மருத்துவமனையில் ஓராண்டில் நிகழ்ந்த மிகுதியான பிறப்புகள் எனக் கின்னஸ் ஏடு அதனைப் பதிந்தது. மக்கள்தொகைக் கட்டுப்பாடு நாட்டின் கொள்கையாகியிருந்த காலம் அது. 1969இல் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, மறு ஆண்டு நடப்புக்கு வந்தது. 1974ஆம் ஆண்டுச் சட்டம், மனச்சான்று இடந்தராத ஒருவர் அச்சிகிச்சையில் பங்கேற்க வேண்டியதில்லை என்றது. தாயின் உயிரைக் காக்க வேண்டிய நிலை அதற்கு விலக்கு. இது பெரிய பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது விலகி நிற்க உரிமை தந்ததேயன்றி, விலகுவதா வேண்டாவா என்று கலந்து சிந்திக்க ஒரு துணையைத் தரவில்லை. உரிமை வேறு, துணை வேறு என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

அக்காலத்தில் வெளியுலகிலும் இச்சிக்கல் எழுந்திருந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் சிறுநீரகச் சுத்திகரிப்பு இயந்திரங்கள் சிலவே இருந்தன. அவற்றை நாடியவரோ பலர். யாருக்கு வாய்ப்பளிப்பது என முடிவுசெய்ய எழுவர் குழு ஒன்று அமைந்தது. உயிரின் மதிப்பை அயலார் எடைபோடுவதா என்ற கண்டனமும் உடனெழுந்தது. 1976இல் கேரன் குயின்லன் வழக்கில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், உயிர்காப்புக் கருவியை அகற்றுவது போன்ற முடிவுகளில் மருத்துவமனை அறநெறிக் குழுவின் கருத்தை நாடும் வழியைக் காட்டியது.

சிங்கப்பூரில் 1994இல் சுகாதார அமைச்சு தேசிய மருத்துவ அறநெறிக் குழுவை அமைத்தது. முன்கூட்டிய மருத்துவ உத்தரவுச் சட்டம் 1996இல் நிறைவேறியது. 2000இல் உயிர்மருத்துவ அறநெறி ஆலோசனைக் குழு தோன்றியது. 2004இல் திருத்தப்பெற்ற மனித உறுப்பு மாற்றுச் சட்டம், உயிரோடிருப்பவர் உறுப்பு வழங்கவேண்டுமாயின் மருத்துவமனையின் அறநெறிக் குழு எழுத்து மூலம் இசைவளிக்க வேண்டும் என்றது. கொடையாளர் அறிந்தே இசைந்தாரா, எவரேனும் அவரை வற்புறுத்தினரா என்பதை அக்குழு ஆராயும். அம்மருத்துவமனையைச் சாராத மருத்துவர் ஒருவரும் மருத்துவரல்லாத ஒருவரும் அதில் இடம்பெறுவர். தனி மனச்சான்று கூட்டுச் சிந்தனையாக மாறிய கட்டம் இது.

ஆனால் எல்லாச் சிக்கலும் குழு கூடும்வரை காத்திராது. இதனை 2003ஆம் ஆண்டு உணர்த்தியது. மார்ச் 22ஆம் நாள் டான் டோக் செங், சார்ஸ் நோயாளிகளுக்குரிய மருத்துவமனையாயிற்று. நாட்டில் நோயுற்றோர் 238 பேர். இறந்தோர் 33 பேர். நோயுற்றோரில் பத்தில் நால்வர் மருத்துவப் பணியாளர். அவர்களுள் ஐவர் உயிர்நீத்தனர். வீட்டில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வார்டுக்குள் நுழைவது கடமையா? பார்வையாளர் தடைசெய்யப்பட்ட வேளையில், கணவரின் முகத்தை ஒருமுறை காணத் துடிக்கும் நோயாளிக்குத் தாதி என்ன சொல்வார்? இக்கேள்விகள் நள்ளிரவில், முகக்கவசத்துக்குள், தனியாக எழுந்தவை.

பின்வந்த ஆண்டுகளில் துணை விரிந்தது. 2006இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ அறநெறி நிலையம் நிறுவப்பட்டது. 2014இல் அந்நிலையமும் வெளிநாட்டு ஆய்வு நிலையங்களும் இணைந்து, நோயாளியோடும் குடும்பத்தோடும் கடினமான முடிவுகளை எடுப்பது பற்றிய சிங்கப்பூர் நிகழ்வுகளின் தொகுப்பை வெளியிட்டன.

இத்துணைகளை எவ்வாறு மதிப்பிடுவது? கூட்டங்களின் எண்ணிக்கை அளவுகோலாகாது. குழு சொன்னதை மருத்துவர் ஏற்றாரா என்பதும் ஆகாது, ஆலோசனை ஆணையன்று. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். அந்த நான்காம் கூறே நம் அளவுகோல் ஆகட்டும். அறநெறிக் குழுவின் கதவைத் தாதி தாமே தட்ட முடிகிறதா? மேலதிகாரியின் முடிவை ஐயுறும் இளையர் அச்சமின்றிப் பேச முடிகிறதா? முடிவெடுத்தபின் மனத்தில் தங்கும் சுமையை இறக்கிவைக்க இடமுண்டா? 'ஆம்' என்னும் விடை கிடைக்கும் அளவுக்கே அத்துணை பயன்தருகிறது.

நான்காவதாக ஒரு கேள்வியும் உண்டு. அது மொழியைப் பற்றியது. மூதாட்டி ஒருவருக்குப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். "அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டார்" என்கிறார் மகன். மூதாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க அழைக்கப்படுபவர் தமிழ்த் தாதி. அந்நொடியில் அறச்சிக்கலின் முழுப் பாரமும் மருத்துவர் தோளிலிருந்து அவர் நாவுக்கு மாறிவிடுகிறது. குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யையும் வாய்மையாகக் கொள்ளலாம் என்று 'வாய்மை' அதிகாரம் இடந்தருவதை மகன் சுட்டலாம். ஆனால் தம் இறுதி நாள்களைத் தாமே வகுக்கும் வாய்ப்பை அத்தாய் இழப்பாராயின், அந்நன்மை குற்றமற்றதுதானா? முதலில் அவரிடமே, "உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள்?" என்று கேட்பது பலநேரம் வழிதிறக்கும். அதை இயல்பாகக் கேட்கத் தமிழ் வேண்டும். கேட்டவர் பின்னர் மனம்விட்டுப் பேசத் துணையும் வேண்டும்.

ஆகவே ஆசிரியர்களையும் மாணவர்களையும் ஒன்று வேண்டுகிறோம். இத்தகைய நிகழ்வொன்றை வகுப்பறையில் தமிழிலேயே விவாதியுங்கள். ஒருவர் மகனாகவும், ஒருவர் தாதியாகவும், ஒருவர் அத்தாயாகவும் பேசிப் பாருங்கள். நாளை இம்மருத்துவமனைகளில் பணிபுரியப் போகிறவர்களுள் சிலர் அவ்வகுப்பில் இருப்பர். கட்டிலருகே தனித்து நிற்கும் வேளையில் சொல் தேடித் தவிக்காதிருக்க, அப்பயிற்சி அவர்களுக்கு உதவும்.